நூலகரிடம் கேளுங்கள்: விடுமுறையும் படப்புத்தகங்களும்

கோடை விடுமுறையை ஒட்டி வந்த கேள்விகளுக்கு, நீண்ட காலமாகப் பள்ளி நூலகராகப் பணியாற்றிவரும் ஒருவர் இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பை முடித்துவிட்டான். ஆனால் இன்னும் படப்புத்தகங்களைத்தான் எடுத்து வருகிறான். எழுத்து நிறைந்த புத்தகங்களுக்கு அவனை எப்போது மாற்றுவது?
– ஒரு தாய், தாராபுரம்

பதில்: மாற்ற வேண்டியதில்லை அம்மா, மற்ற புத்தகங்களையும் பக்கத்தில் வையுங்கள், போதும். படப்புத்தகம் எழுத்து வராதவர்களுக்கானது என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமன்றி ஆசிரியர்கள் சிலரிடமும் இருக்கிறது. பேட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1968இல் வெளியிட்ட ‘ரோஸிஸ் வாக்’ என்ற புத்தகத்தில் இருப்பது மொத்தம் 32 சொற்கள்தான். ரோஸி என்ற கோழி முற்றம், குளம், வைக்கோற்போர் என்று பண்ணையைச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூடு திரும்புகிறது. எழுத்து சொல்வது அவ்வளவே. படத்திலோ, பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி பின்னால் வந்துகொண்டிருக்கிறது. தரையில் கிடக்கும் குப்பை வாரியை அது மிதிக்க, கைப்பிடி எழும்பி மூக்கில் அடிக்கிறது. அடுத்து குளத்தில் விழுகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. இரண்டாம் வகுப்பில் இதை நான் ஒன்றும் அறியாதவர்போல வாசித்துக்கொண்டே போக, பிள்ளைகள் “டீச்சர், நரி! பின்னால நரி!” என்று கத்தித் தீர்த்தார்கள். எழுத்து சொல்லாததைப் படத்திலிருந்து தானே கண்டுபிடிப்பதும் வாசிப்புதான். உங்கள் மகன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த படப்புத்தகங்கள் எவை?
– ஓர் ஆசிரியர், கும்பகோணம்

பதில்: மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ (1963). குறும்பு செய்ததற்காகச் சாப்பாடில்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ் என்ற சிறுவனின் கதை இது. தொடக்கத்தில் வெள்ளை ஓரங்களுக்கு நடுவே சிறிதாக இருக்கும் படம், அவன் அறைக்குள் காடு வளர வளரத் தானும் பெரிதாகி, விலங்குகளோடு அவன் ஆட்டம் போடும் இடத்தில் எழுத்தையே வெளியே தள்ளிவிட்டு இரண்டு பக்கங்களையும் நிறைத்துக்கொள்கிறது. அவன் வீடு திரும்பியபின் வரும் கடைசிப் பக்கத்திலோ படமே இல்லை. அவனுக்காகக் காத்திருந்த சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்ற செய்தி மட்டும்தான். அந்த வெற்றுத் தாளைப் புரட்டும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

இரண்டாவது, எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (1962). பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான்; தூங்கப்போகும் முன் பார்த்தால் பை காலி. பனியைக் கண்டிராத நம் பிள்ளைகளுக்கு இது எட்டாது என்று நினைத்திருந்தேன். ஆனால், சித்திரை மழையில் பொறுக்கிய ஆலங்கட்டிகளைப் பென்சில் டப்பாவில் பூட்டிவைத்த கதையை ஒரு சிறுமி சொல்ல, வகுப்பே ஆளுக்கொரு ஆலங்கட்டிக் கதையோடு எழுந்துவிட்டது.

மூன்றாவது, சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் கொண்டுவந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் வரைந்த மரங்கள், கையால் செய்த கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கையாலேயே அச்சிடப்பட்டவை. விலை சற்று அதிகம்தான். எங்கள் பிரதியை அலமாரியில் பூட்டிவைத்து, கை கழுவி வருபவர்களுக்கு மட்டும் காட்டுகிறேன். கோட்டின் மீது விரலை வைத்தால் மை சற்று மேடாகத் தட்டுப்படும் என்பதால் பிள்ளைகள் இதைத் தடவித்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: விடுமுறையில் படிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுதச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: வேண்டாம். நானே ஒருமுறை பத்துப் புத்தகங்களுக்குச் சுருக்கம் கேட்டுக் குறிப்பேடு கொடுத்தனுப்பினேன். ஜூனில் திரும்பி வந்த குறிப்பேடுகளில் பாதிக்கு மேல் பின்னட்டை வாசகங்களே அழகிய கையெழுத்தில் இருந்தன. வாங்கச் செலவாகுமே என்று தயங்கினால், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்களும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

கேள்வி: இந்த விடுமுறையில் நீங்கள் என்ன படிக்கப்போகிறீர்கள்?
– ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு, தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழாத புத்தகங்களை அலமாரியிலிருந்து பொறுக்கி எடுத்தேன், பதினான்கு தேறின. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து, யார் கையில் கொடுக்கலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைப்பதுதான் திட்டம். முதலில் எடுத்தது மண்புழுவைப் பற்றிய மெல்லிய படப்புத்தகம். பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டியை யாருக்கும் கொடுக்காத ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரை எழுதி வைத்துவிட்டேன்.