அட்டையைக் காட்டினால் அடங்கிவிடுவார்களா?

கேள்வி: இணையக் குழுக்களில் பெயர் தெரியாத ஆட்கள் செய்யும் அட்டகாசம் தாங்கவில்லை. ஃபேக் ஐடியில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போகிறார்கள். அரசு அடையாள அட்டையைக் காட்டினால்தான் கணக்கு என்று கட்டாயமாக்கினால் ஒரே நாளில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? (என் பெயரை வெளியிட வேண்டாம். அலுவலகத்தில் வம்பாகிவிடும்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் படித்தேன். கிண்டலுக்காகச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் கிண்டலும்தான்). உங்கள் மடியில் ஒரு கனமும் இல்லை. யாரையும் திட்டவில்லை, ஒரு கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனாலும் சம்பளம் கொடுக்கிறவர் கண்ணில் பட்டால் வம்பு என்று தெரிந்து பெயரை மறைக்கச் சொன்னீர்கள், நானும் மறைத்துவிட்டேன். புள்ளியியல் படித்தவர்களுக்கு 'ஸ்டூடன்ட் டி-சோதனை' நினைவிருக்கும். சிறிய மாதிரிகளை வைத்து முடிவு சொல்ல உதவும் கணக்கு முறை அது. 1908-இல் அதற்கு அடிப்படையான கட்டுரையை எழுதியவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவது ஆலைக்குப் பிடிக்காது என்பதால் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்று போட்டுக்கொண்டார். அவரும் யாரையும் திட்டவில்லை. பெயரை மறைக்கிறவர்களில் உங்களையும் அவரையும் போன்றவர்கள் நிறைய, சத்தம் போடாததால் கண்ணில் படுவதில்லை.

வசவு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நாற்றம் பிடித்த அளவுக்கு இருக்கிறது. பெயர் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் பெயர் இல்லாததுதான் காரணம், பெயரை வாங்கிவிட்டால் வசவு நின்றுவிடும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஜெர்மனியில் மக்கள் மனு போட்டு ஆதரவு திரட்டும் ஒரு இணையத் தளத்தில் 2010 முதல் 2013 வரை வந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஸூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். அதில் பெயரை மறைத்தவர்களை விடச் சொந்தப் பெயரில் எழுதியவர்கள்தான் அதிகக் காட்டமாக எழுதியிருந்தார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவன் எதற்கு ஒளிய வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திட்டுவான், கைதட்டலும் விழும். 2021-இல் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் மூவரை இனவெறியோடு ஏசினார்களே, அந்தத் தொடரின்போது நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம் உரியவர் யார் என்று அடையாளம் காணக்கூடியவைதான் என்று ட்விட்டரே சொன்னது. அவ்வளவு தூரம் போவானேன். பெரியப்பா, சித்தி, மாமா என்று எல்லாரும் பெயரும் போன் நம்பருமாக இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டையே வந்ததில்லை என்பவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம்.

'அதை ஏன் ஒருவரும் செய்து பார்க்கவில்லை' என்று நினைத்திருப்பீர்கள். செய்து பார்த்தார்கள். ஒரு நாடே ஐந்து வருடம் செய்து பார்த்தது. தென்கொரியாவில் 2007-இல் சட்டம் வந்தது. முதலில் பெரிய தளங்களுக்கு, பிறகு 2009-இல் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்கள் எல்லாவற்றுக்கும். ஒரு வரி எழுத வேண்டுமென்றாலும் நீங்கள் யார் என்பதைத் தளம் சரிபார்த்தாக வேண்டும். வெளியே புனைபெயரில் எழுதலாம், உள்ளே கம்பெனியின் கையில் உங்கள் உண்மையான அடையாளம் இருக்கும். அங்கே ஆளை அறிய வழக்கமாகக் கேட்டது குடியிருப்போர் பதிவு எண். 13 இலக்கம், அதற்குள்ளேயே பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் அடக்கம், பாஸ்வேர்டு மாதிரி நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது. யூடியூப் என்ன செய்தது தெரியுமா? அடையாளம் கேட்க மாட்டோம் என்று சொல்லி, கொரியா என்று நாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வீடியோ ஏற்றுவதையும் கருத்திடுவதையும் நிறுத்திவிட்டது. மக்கள் கணக்கின் செட்டிங்ஸுக்குள் போய் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வழக்கம்போல வேலையைப் பார்த்தார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு பெரிய தளங்களை நடத்திய நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனதுதான் மிச்சம் என்றது. 'ஒரே நாளில் அடங்கிவிடுவார்கள்' என்ற உங்கள் வரியை அந்தத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

அது பழைய கதை, இப்போது பாதுகாப்பெல்லாம் பலமாகிவிட்டது என்பார்கள். 2025 ஜூலையில் 'டீ' என்ற செயலி. பெண்கள் தாங்கள் பழகும் ஆண்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்ளத் தொடங்கப்பட்டது. ஆண்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று செல்ஃபியும் அடையாள அட்டையும் கேட்டு வாங்கினார்கள், சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்று சொல்லியும் இருந்தார்கள். சுமார் 13,000 செல்ஃபிகளும் அட்டைப் படங்களும் அழியாமல் அப்படியே கிடந்தன, வெளியே கசிந்தன, ஃபோர்சான் என்ற இணைய அரட்டைத் தளத்தில் போய் விழுந்தன. அங்கே எழுதுகிறவர்களிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. பாதுகாப்புக்காக முகத்தைக் கொடுத்த பெண்கள் ஒரு பக்கம், முகமே இல்லாமல் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னொரு பக்கம். அதே வருடம் அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்தியிருந்த வெளி நிறுவனத்தின் வழியாக, வயது சம்பந்தமாக அனுப்பிய அடையாள அட்டைப் படங்கள், சுமார் 70,000 பேருடையவை, திருடு போயிருக்கலாம் என்று. அட்டையைக் கொடுத்தவர்கள் நம்பியது ஒரு நிறுவனத்தை, படம் இருந்தது இன்னொருவர் கையில்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஃபேஸ்புக்கில் உண்மைப் பெயர்தான் வேண்டும் என்ற விதி கறாராக இருந்த 2014-இல், பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞர்கள் பலரின் கணக்குகள் அடுத்தடுத்து முடங்கின. மேடைப் பெயரில் இருந்தார்கள், 'போலிப் பெயர்' என்று புகார் போனது, அட்டை கேட்டார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் உயரதிகாரி மன்னிப்புக் கேட்டபோது சொன்னார், பல நூறு கணக்குகள் மீது புகார் கொடுத்தது ஒரே ஆளாம். அதாவது தொல்லை கொடுக்கிறவன் கையில் இந்த விதியே தடியாகிவிட்டது. அவன் ஒரு வசைச்சொல் எழுத வேண்டியதில்லை, ரிப்போர்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும்.

அப்புறம், 'அடையாளச் சரிபார்ப்பு' என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் நாலைந்து வேறு வேறு வேலைகள் சுருண்டு கிடக்கின்றன. நீ மனிதனா இயந்திரமா என்று பார்ப்பது ஒன்று, ஒரே ஆள் பத்துப் பெயரில் வந்து தனக்குத் தானே ஜால்ரா போடுகிறானா என்று பார்ப்பது இன்னொன்று, வயது வந்தவரா என்று பார்ப்பது வேறு, அமைச்சர் என்று சொல்லிக்கொள்கிறவர் அமைச்சர்தானா என்பது வேறு, அட்டையில் உள்ள பெயர் என்ன என்பது முற்றிலும் வேறு. முதல் நான்குக்கும் ஐந்தாவது கட்டாயம் தேவைப்படுவதில்லை. அமைச்சர்தானா என்பதற்கு அவருடைய அலுவலகத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஒரு இணைப்புக் கொடுத்தாலே முடிந்தது. இந்த வித்தியாசம் பார்க்காமல் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 நவம்பர் ஒன்றே போதும். அதுவரை 'இது அசல் கணக்குதான்' என்பதற்கு அடையாளமாக இருந்த நீல டிக்கை ட்விட்டர் 8 டாலருக்கு விற்றது, யாரோ ஒருவர் எலை லில்லி மருந்து கம்பெனியின் பெயரில் டிக் வாங்கி 'இன்சுலின் இனி இலவசம்' என்று போட, அசல் கம்பெனி அவசர அவசரமாக மறுப்பும் மன்னிப்பும் எழுத வேண்டி வந்தது.

சரி, அப்படியானால் எதுதான் ஒருவனை நிதானமாகப் பேச வைக்கிறது என்று கேட்டால், இழப்பதற்கு ஏதாவது இருப்பது என்பேன். மூன்று வருடம் ஒரே புனைபெயரில் எழுதி, நாலு பேர் மதிக்கும்படி ஒரு இடத்தைப் பிடித்தவருக்கு அந்தப் பெயர் கெடுவது நிஜமான நஷ்டம். அவருடைய அப்பா பெயர் நமக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. காலையில் கணக்குத் திறந்து, திட்டி, மாலையில் அழித்துவிட்டுப் போகிற அனானிதான் தொல்லை, அந்த வேகத்தைக் குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். விக்கிப்பீடியாவில் புனைபெயரில்தான் ஏராளமானவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பெயர் செய்த ஒவ்வொரு திருத்தமும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. ஒரே ஆள் பல பெயரில் வருவதாகச் சந்தேகம் வலுத்தால் மட்டும், அனுமதி பெற்ற சில தன்னார்வலர்கள் அந்தக் கணக்குகளின் தொழில்நுட்பத் தடயங்களைப் பார்ப்பார்கள். எல்லாரிடமும் முன்கூட்டியே அட்டை வாங்கி வைப்பதில்லை. மெட்டாஃபில்டர் என்ற பழைய தளம் 2004-இல் சேர்க்கைக்கு 5 டாலர் வைத்தது. பெயர் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் வெளியே தள்ளினால் திரும்பி வர மறுபடி 5 டாலர். சட்டத்தைக் கைவிட்ட அதே கொரியாவில், நேவர் என்ற பெரிய தளம் 2020-இல் செய்திகளுக்குக் கீழே எழுதுகிறவர் இதுவரை எழுதிய கருத்துகளை எல்லாம் மற்றவர்கள் பார்க்கும்படி திறந்துவிட்டது. அட்டையை விட அது உறைக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் மேல், ஆள் வேண்டும். மட்டுறுத்துகிற ஆள், அதாவது பதிவுகளைப் படித்து எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். இந்த வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கெட்ட வார்த்தையைத் தேடி அழிப்பது என்று நினைக்கிறார்கள். கெட்ட வார்த்தையை இயந்திரமே பிடித்துவிடும். இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெண் ஏதோ விவாதத்தில் காரசாரமாக எழுதியிருக்கிறார், கீழே ஒருவர், 'பையனுக்கு நாலு மணிக்குத்தானே ஸ்கூல் விடும்?' என்று கேட்கிறார், ஒரு சிரிப்புக் குறி வேறு. இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. எழுதியவர் சொந்தப் பெயரில், கல்யாணப் போட்டோ வைத்த கணக்கில் இருக்கலாம், அட்டை காட்டிச் சரிபார்க்கப்பட்டவராகக்கூட இருக்கலாம். மேலே போன இருபது செய்திகளையும், அந்த ஆள் போன வாரம் அதே பெண்ணிடம் எழுதியதையும் படித்த ஒரு மனிதனுக்குத்தான் இது மிரட்டல் என்று புரியும். அழிக்க வேண்டும், ஆளை வெளியே தள்ள வேண்டும், அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரி எழுத வேண்டும், தேவைப்பட்டால் போலீஸுக்குக் கொடுக்கப் பதிவை எடுத்து வைக்க வேண்டும். இதற்குப் பொறுமை, மொழி, சம்பளம் மூன்றும் வேண்டும். உடம்பும் மனதும் கெடுகிற வேலை வேறு. நாள் முழுக்கக் கொடூரங்களைப் பார்த்து மனம் உடைந்த மட்டுறுத்துநர்கள் தொடுத்த வழக்கை முடிக்க ஃபேஸ்புக் 2020-இல் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ரெடிட் என்ற விவாதத் தளத்திலோ இந்த வேலையின் பெரும்பகுதியைச் சம்பளமே இல்லாத தன்னார்வலர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது புரிகிறதா, அட்டை கேட்கும் யோசனை ஏன் எல்லாருக்கும் இனிக்கிறது என்று? மட்டுறுத்தல் மாதாமாதம் செலவு, அட்டை ஒரு தடவை ஏற்றினால் முடிந்தது. செலவு கம்பெனியின் தலையிலிருந்து இறங்கி, ஆபத்து உங்கள் தலையில் ஏறிக்கொள்கிறது. அடிக்கிற கணவனை விட்டு ஓடிவந்து வேறு பெயரில் ஆலோசனை கேட்கிற பெண்ணின் தலையில் உங்களுடையதை விடப் பத்து மடங்கு. அவள் கேட்காமலே போய்விடுவாள், அதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுத மாட்டார்கள்.

எங்குமே அடையாளம் கேட்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் என்று சொல்லி மருந்து சொல்கிறவரிடம் கேளுங்கள், முன்பணம் வாங்கிப் பொருள் விற்கிறவரிடம் கேளுங்கள். கொலை மிரட்டல் விடுகிறவனைப் பிடிக்கப் போலீஸும் நீதிமன்றமும் தளத்திடம் கேட்டு வாங்கும் வழி பல நாடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, அது மெதுவாக நகர்கிறது என்றால் அந்த வேகத்துக்காகச் சண்டை போடுவோம். நீங்கள் சொல்கிற அந்தக் குழுவின் அட்மினிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு புகார் போனால் அதை யார் பார்ப்பார், எத்தனை நேரத்தில் பார்ப்பார், பார்த்து என்ன செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு? இதற்குத் தெளிவாகப் பதில் வராத இடத்தில் 'அடையாள அட்டையின் இரண்டு பக்கங்களையும் பதிவேற்றவும்' என்று ஒரு பெட்டி திறந்தால், ஏற்றாதீர்கள்.