எத்தனை நாள் படுத்திருக்கலாம்?

வணக்கம். எனக்கு முடக்குவாதம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் தங்கையைப் பார்க்க இரவு முழுவதும் ரயிலில் பயணம் செய்து போய்வந்தேன். அங்கே நன்றாகத்தான் இருந்தேன். பேசினேன், சிரித்தேன், மாடிப்படிகூட ஏறினேன். வீடு திரும்பிய மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்கு நாட்களாகப் படுக்கைதான். "ஊருக்குப் போய்வர முடிந்தது, வீட்டுக்கு வந்ததும் முடியவில்லையா?" என்று கணவர் கேட்டார். கோபத்தில் அல்ல, புரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனை நாள் படுத்திருப்பது நியாயம்? தங்கை அடுத்த மாதமும் கூப்பிடுகிறாள். போகலாமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

ஏதோ விடுப்பு விண்ணப்பம் கொடுப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுத் தரும் இடத்தில் நான் இல்லை, உங்கள் கணவரும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. இதை அவரும் படிக்கட்டும்.

நானும் நாள்பட்ட நோய் ஒன்றோடு இருப்பவன். இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் பயணம் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறார்கள். முடக்குவாதக்காரருக்கு அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை. அசையாமல் இருந்தால் மூட்டுகள் இறுகும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல்கள் மடங்க மறுப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ரயிலில் அதே இறுக்கம் இரவு முழுவதும் நடக்கிறது. பெட்டி ஆடும் ஒவ்வொரு முறையும் உடம்பு தன்னைச் சமன்செய்துகொள்ளத் தசைகளை இயக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கமும் துண்டு துண்டாகப் போகிறது.

சரி, அங்கே மட்டும் எப்படி மாடிப்படி ஏறினீர்கள்? பிரியமானவர்களைப் பார்க்கும் உற்சாகத்தில் அட்ரினலின் சுரந்து களைப்பைக் கொஞ்ச நேரம் உணரவிடாமல் செய்கிறது. களைப்பு எங்கும் போய்விடவில்லை, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் அங்கே நன்றாக இருந்ததும் உண்மை, இங்கே முடியாமல் கிடப்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் யாரும் சொல்லாமலே போர்த்திப் படுத்துக்கொள்கிறோம் அல்லவா? நோயெதிர்ப்பு அமைப்பு சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை வெளியிடுகிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்பி, படு, அசையாதே, யாரோடும் பேசாதே என்று சொல்ல வைக்கின்றன. முடக்குவாதத்தில் அந்த அமைப்பு சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. அதே வேதிப்பொருட்கள் அங்கேயும் வேலை செய்கின்றன. காய்ச்சலில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. வெப்பமானியில் ஏறாத காரணத்தால் உங்களைச் சந்தேகிக்கிறார்கள்.

அதற்காக எழுந்திருக்காமலே கிடப்பதும் வழியல்ல. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, பல்வேறு நோய்களுக்குப் படுக்கை ஓய்வு தரப்பட்ட 39 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க நன்மை எதிலும் தெரியவில்லை, சிலவற்றில் நிலைமை மோசமாகியிருந்தது. படுத்தே இருந்தால் தசை கரையும், மூட்டு இன்னும் இறுகும். முதல் நாள் தூங்குங்கள். அடுத்த நாளிலிருந்து, படுக்கையில் இருந்தபடியே என்றாலும், விரல்களையும் மணிக்கட்டையும் முழங்காலையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். அறைக்குள் கொஞ்சம் நடந்து மறுபடி படுங்கள். பெட்டியில் இருக்கும் துணிகள் எங்கும் ஓடிவிடாது.

நாள்பட்ட களைப்பு நோய் என்ற வேறொரு நோய் உள்ளவர்களுக்கு இந்த யோசனையை அப்படியே சொல்லமாட்டேன். அவர்களுக்கு உழைப்பின் பாதிப்பு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வரும். தாக்குப்பிடிக்கலாம் என்று எழுந்தால் வாரக்கணக்கில் விழவும் நேரலாம். பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை அவர்களுக்குத் தரக்கூடாது என்றே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு நோயாளியின் அனுபவத்தைக் கொண்டுவந்து உங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றையும் பயண அலுப்பின் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தவர்களுக்குக் காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அலட்சியம் கூடாது. பயணக் குழப்பத்தில் மருந்து விட்டுப்போயிருந்தால், குறிப்பாக வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட், அடுத்த முறை இரட்டிப்பாக எடுக்காதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர் அதைத் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நாட்கணக்குக்கு வருகிறேன். இம்முறை நான்கு நாள் ஆகியும் தீரவில்லை என்றால் அதுதான் இப்போதைக்கு உங்கள் அளவு. ஒரு வாரம் தாண்டியும் மூட்டுகள் வீங்கிச் சூடாகவே இருந்தால் அது அலுப்பாக இருக்காது, நோய் மூண்டிருக்கலாம். அதற்குத் தேவை ஓய்வு மட்டுமல்ல.

தங்கையிடம் தாராளமாகப் போங்கள். பகல் ரயில் கிடைத்தால் அதில் போங்கள், நடுநடுவே எழுந்து நடக்கலாம். வீட்டில் தேதி சொல்லும்போது, திரும்பி வந்த பிறகு வரும் ஐந்து நாட்களையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த நாட்களில் அடுப்படி யார் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே கணவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.