இன்டெஸ்டேட் என்றால் வாரிசு இல்லாதவரா?

கேள்வி: அப்பா இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அவருடைய வங்கிக் கணக்கை விசாரிக்கப் போனபோது, அவர் 'இன்டெஸ்டேட்' என்று எழுதிக் கொடுத்து, நீதிமன்ற ஆணை கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு 'வாரிசு இல்லாதவர்' என்று அர்த்தம் என்கிறார் நண்பர். அம்மா, அண்ணன், நான், தங்கை எல்லாரும் இருக்கும்போது இப்படி எழுதலாமா? 'வீடு பெரியவனுக்கு' என்று அப்பா ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். தங்கைக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்தாகிவிட்டது.
வாசகர், ஜூரோங்

பதில்: அவர்கள் எழுதியது சரி, உங்களுக்கு அர்த்தம் சொன்னவர்தான் தவறு. இன்டெஸ்டேட் என்றால் உயில் எழுதாமல் இறந்தவர், அவ்வளவுதான். வாரிசு உண்டா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சொல் பேசுவதே இல்லை. லத்தீனில் 'டெஸ்டாரி' என்றால் சாட்சியாக அறிவிப்பது, உயில் செய்வது. முன்னால் ஓர் 'இன்' சேர்ந்தால் அப்படிச் செய்யாதவர். கோர்ட்டில் சாட்சி சொல்வதை 'டெஸ்டிமனி' என்கிறார்களே, அதற்கும் இதுதான் வேர். யாரும் உரிமை கோராமல் கிடக்கும் சொத்துக்கு 'போனா வேக்கன்ஷியா' என்று வேறொரு லத்தீன் தொடர் இருக்கிறது. நண்பர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

உயிலே இல்லாதவருக்கு மட்டும் வரும் சொல் என்றும் நினைக்காதீர்கள். உயிலில் சில சொத்துகள் விடுபட்டிருந்தால் அந்தச் சொத்துகளுக்கு மட்டும் இது பொருந்தும். எழுதிய உயில் செல்லாமல் போனாலும் பொருந்தும், உங்கள் அப்பாவின் நோட்டு இந்த வகையாக இருக்கலாம். சிங்கப்பூரில் உயில் செல்ல வேண்டுமானால் எழுதுபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டும், அதை 2 சாட்சிகள் ஒன்றாக இருந்து பார்த்து அவர்களும் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது கிடைக்காது. நோட்டில் அப்பாவின் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து இல்லையென்றால், சட்டத்தின் பார்வையில் அவர் உயில் எழுதவில்லை.

சரி, இனி உங்கள் தங்கை விஷயம். நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எதற்காக எழுதினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். உயில் இல்லாதவர்களின் சொத்தைப் பிரிக்க இங்கே 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. (முஸ்லிம்களுக்கு அது பொருந்தாது, அவர்களுக்கு ஃபராயித் முறை.) அதன்படி பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, அதாவது உங்கள் மூவருக்கும் தலைக்கு ஆறில் ஒரு பங்கு. மூத்தவன் என்று கூடுதல் கிடையாது, கல்யாணமான பெண் என்று கழித்துவிடுவதும் கிடையாது. நகை வாங்கிக்கொண்டதால் தங்கை தன் உரிமையை எழுதிக் கொடுத்துவிடவில்லை. அப்பாவின் ஆசைப்படி அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கலாம் என்று அம்மாவும் நீங்கள் எல்லாரும் மனமொத்து முடிவு செய்தால் அது வேறு, வழக்கறிஞரிடம் போய் எழுத்தில் செய்துகொள்ளுங்கள். ஆனால் தங்கையிடம் கேட்காமல், அவருக்குப் பங்கே இல்லை என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

இதே சட்டத்தில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் இறந்தவரின் பெற்றோருக்கு ஒரு வெள்ளிகூடப் போகாது. வயதான தாயைத் தன் சம்பளத்தில் வைத்துக் காப்பாற்றும் மகன் உயில் எழுதாமல் போய்விட்டால் அந்தத் தாய் மருமகளின் நல்ல மனதை நம்பித்தான் இருக்க வேண்டும், இதைப் படிக்கும் அப்படிப்பட்ட மகன்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்து எழுதியதாக இல்லாவிட்டால், சட்டப்படி கல்யாணம் ஆனதும் ரத்தாகிவிடும். ஆனால் விவாகரத்தானால் ரத்தாவதில்லை, உயிலில் எழுதிய பழைய துணையின் பெயரே நிற்கும்!

வீட்டுக்கு வருவோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அப்பாவும் அம்மாவும் கூட்டு உரிமையாளர்களா, தனித்தனிப் பங்குகாரர்களா என்று முதலில் பாருங்கள். கூட்டு உரிமை என்றால் முழு வீடும் அம்மாவுடையது. அண்ணனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை, செல்லுபடியாகும் உயில் இருந்திருந்தாலும் இதே கதைதான். தனிப் பங்கு என்றால் மட்டுமே அப்பாவின் பங்கு மேலே சொன்ன கணக்குக்குள் வரும்.

நீதிமன்றத்தில் நீங்கள் கேட்க வேண்டியது 'புரோபேட்' அல்ல, அது உயில் உள்ளவர்களுக்கு. உங்களுக்குத் தேவை 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்', அதாவது உயில் இல்லாதவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் ஆணை. அதைக் கேட்கும் முதல் உரிமை அம்மாவுக்கு. மசே நிதி (மத்திய சேம நிதி) பணம் இந்த ஆணையில் சேராது, உயிலிலும் சேராது. அப்பா யாரையாவது நியமனம் செய்திருந்தால் அவருக்கு நேரே போகும், இல்லையென்றால் பொது அறங்காவலர் அலுவலகம் அதே பாதிக்குப் பாதிக் கணக்கில் பிரித்துக் கொடுக்கும், அதற்குக் கட்டணமும் உண்டு. எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள், தங்கையையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.