பணக்கார அணிகள்தான் எப்போதும் வெல்லுமா? அமெரிக்க பேஸ்பாலில் சம்பளமும் சந்தையும்

பெரிய நகரத்து அணிகள் பணத்தால் வெற்றியை வாங்கிவிடுகின்றனவா என்ற கேள்விக்கு, ஒரு பருவத்தை மட்டும் பார்த்தால் இல்லை என்றும், பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பெருமளவு ஆம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2002இல் ஓக்லாந்து அணி, பெரிய நகரத்து அணியான நியூயார்க் யாங்கீஸ் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே சம்பளம் கொடுத்து, அவர்களைப் போலவே 103 ஆட்டங்களில் வென்றது. 2023இல் அதிகச் சம்பளம் கொடுத்த நியூயார்க் மெட்ஸ் 75 வெற்றிகளோடு நின்றுவிட்டது.

இருந்தாலும் சிறிய அணிகளின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வீரர் முதல் ஆறு ஆண்டுகள் தன் அணிக்கே கட்டுப்பட்டவர். அந்தக் காலத்தின் தொடக்கத்தில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைக்கே ஆடுகிறார். சிறிய அணிகள் வெல்வது பெரும்பாலும் இந்த மலிவான ஆண்டுகளில்தான்; சம்பளம் ஏறியதும் அந்த வீரர்களைத் தக்கவைப்பது கடினமாகிறது. சிறிய அணியான டாம்பா பே, பருவத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் 2020 இறுதி ஆட்டத்தில் தனக்காக முதலில் பந்து வீசிய பிளேக் ஸ்னெல்லை, இரண்டே மாதங்களில் சான் டியாகோ அணிக்கு விட்டுக்கொடுத்தது. அந்தத் தொடரை வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கோ, பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள 25 ஆண்டு உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தம் துணை நிற்கிறது. அதே ஸ்னெல் பின்னாளில் டாட்ஜர்ஸில்தான் சேர்ந்தார்.

அணிகள் உள்ளூர் வருவாயில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. வரம்பு மீறிய சம்பளத்துக்கு வரியும் உண்டு. ஆனால் சம்பளத்துக்குக் கண்டிப்பான உச்சவரம்பு இல்லை. பகிர்ந்து கிடைக்கும் பணத்தை வீரர்களுக்குச் செலவிடாத உரிமையாளர்களையும் இதில் குறை சொல்லியே ஆகவேண்டும்.