வேலையை விட்டுவிட்டு நடிக்க வரலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு வயது 26. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருக்கிறேன். மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. கல்விக் கடனுக்கு மாதம் 5,500 தவணை போகிறது. சேமிப்பு என்று 1,80,000 இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். தங்கை கல்லூரியில் கடைசி வருடம்.

கோவையில் பொறியியல் படித்தபோது நாடகம் போட்டேன். நண்பர்களின் மூன்று குறும்படங்களில் நடித்திருக்கிறேன். நன்றாகச் செய்கிறாய் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடலாமா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். விஜய் சேதுபதியும் கணக்கர் வேலையை விட்டு வந்தவர்தானே என்கிறார்கள் நண்பர்கள். "நமக்கு எதுக்கு சாமி அந்தப் பொழப்பு" என்கிறார் அப்பா. சென்னையில் ஒரு நடிப்புப் பள்ளி மூன்று மாதப் பயிற்சிக்கு 1,20,000 கேட்கிறது. இன்னொருவர், ஒரு புதுப்படத்தில் இரண்டாம் நாயகன் வேடம் இருக்கிறது, நடிகர் சங்க அட்டைக்கும் போட்டோ ஷூட்டுக்கும் 75,000 கட்டினால் முடித்துத் தருகிறேன் என்கிறார். 26 வயது தாமதமா? என்ன செய்யட்டும்? பெயர் வேண்டாம் சார்.

– திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பணக்கணக்கு. சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்தால் வாடகைப் பங்கு 6,000 என்று வையுங்கள். மெஸ் சாப்பாடு 7,500. பெட்ரோல் அல்லது பஸ், மெட்ரோ 2,500. போன், சலவை, முடிவெட்டு, மருந்து எல்லாம் 2,500. கடன் தவணை 5,500. மொத்தம் 24,000. இது எதுவும் தவறாமல் போகிற மாதத்தின் கணக்கு. அறைக்கு அட்வான்ஸும் நல்ல புகைப்படச் செலவும் போனால் உங்கள் சேமிப்பில் ஒன்றரை லட்சம் மிஞ்சும். வீட்டுக்கு ஒரு ரூபாய் அனுப்பாவிட்டாலும் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். "அடுத்த மாதம் ஷூட்டிங்" என்று சொன்ன படம் ஃபைனான்ஸ் கிடைக்காமலோ நாயகனின் தேதி கிடைக்காமலோ தள்ளிப்போவதற்கே ஆறு மாதம் ஆகும். பிஎஃப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலையை விட்டால் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடிப்புத் தொழிலில் ரிஸ்க் என்றால் தோற்றுப்போவது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். தோற்றால் உங்களிடம் படிப்பும் ஒரு தொழிலும் இருக்கின்றன, திரும்பிவிடலாம். ஆளை அரிப்பது காத்திருப்புதான். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு உதவி இயக்குநர் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஸ்பாட்டுக்கு வந்துடுங்க" என்பார். போனால் மாலை நான்கு மணிக்கு, "உங்க சீன் இன்னிக்கு இல்ல" என்பார்கள். இப்படி ஒரு தொழிலுக்குப் பகலைக் காலியாக வைத்திருக்க வேண்டும், அதே சமயம் வேறு வழியில் சம்பாதிக்கவும் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் நிற்கிறார்கள். அவிழ்க்காதவர்கள் திறமை இருந்தும் இரண்டு வருடத்தில் கடனோடு ஊர் திரும்புகிறார்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். விஜய் சேதுபதி துபாயில் பார்த்த கணக்கர் வேலையை விட்டுத் திரும்பியது 2003 வாக்கில். நாயகனாக முதல் படம் வந்தது 2010-இல். இடையில் கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தார், சின்னச் சின்ன வேடங்கள் செய்தார். வேலையை உதறினார் என்பது பாதிக் கதை. நடிப்பு நடக்கும் இடத்திலேயே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார் என்பதை உங்கள் நண்பர்கள் விட்டுவிட்டார்கள். டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தமிழ் நாடகக் குழுவில் நடித்துவிட்டு, 1977-இல் முதல் படம் வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். நடிகர் பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் பணியாற்றியவர். சென்னை சபா நாடகங்களை நடத்தியவர்களில் பெரும்பகுதி வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடியவர்கள். 26 தாமதமா என்று கேட்டிருந்தீர்களே, நாயகன் கனவுக்கு வேண்டுமானால் கொஞ்சம் தாமதம். குணச்சித்திர வேடங்களுக்கு உங்கள் முகம் இன்னும் பழுக்கவேயில்லை.

ஆகவே இப்போது ராஜினாமா வேண்டாம். முதல் ஒரு வருடத்தில் கற்க வேண்டிய எதற்கும் உங்கள் வேலை தடையில்லை.

மேடை அனுபவம் கோவையிலேயே கிடைக்கும். வார இறுதியில் ஒத்திகை பார்க்கும் குழு ஒன்றில் சேருங்கள். மதுரையில் சண்முகராஜனின் நிகழ் நாடக மையம் இருக்கிறது, அவர்களின் பயிலரங்க அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். ஆனால் மேடையில் தேறியவர்கள் கேமரா முன் சறுக்குவதும் உண்டு, காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் க்ளோசப்பில் கூச்சலாகிவிடும். எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்காமல், தன் அடுத்த வசனத்தை உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருப்பது கண்ணில் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் மோசமானது கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் செய்கை மாறாமல் இருப்பது. ஒரே காட்சியை வைடில் (தூரத்திலிருந்து) ஒரு முறை, மிட்டில் (இடுப்பு வரை) ஒரு முறை, க்ளோசப்பில் (முகம் மட்டும்) ஒரு முறை எடுப்பார்கள். வைடில் எந்தச் சொல்லின்போது டம்ளரை வலக்கையால் எடுத்தீர்களோ, அதே சொல்லில் அதே கையால் மூன்று முறையும் எடுக்க வேண்டும். மாறினால் எடிட்டர் உங்கள் ஷாட்டை வெட்டிவிட்டு எதிர் நடிகரின் முகத்தை வைத்துக்கொள்வார். நன்றாக நடித்த காட்சி படத்தில் இல்லையே என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

வீட்டிலேயே பழகலாம். ஒன்றரைப் பக்க உரையாடலை எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தட்டுச் சோறோ ஒரு கப் டீயோ இருக்கட்டும். நண்பர் எதிரில் உட்காரட்டும். செல்போனில் மூன்று அளவுகளில் எடுத்து, இலவச எடிட்டிங் செயலி ஒன்றில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே நீங்கள் தவறியிருக்கிறீர்கள். தரையில் டேப் ஒட்டி, குனிந்து பார்க்காமல் நடந்து வந்து அதன்மேல் நிற்கப் பழகுங்கள். ஒரு அடி தள்ளி நின்றால் ஃபோகஸ் போய்விடும். தினசரியில் ஒரு செய்தியை எடுத்து அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்து இயல்பாகச் சொல்லுங்கள். தமிழ்ப் படப்பிடிப்பில் வசனத் தாள் பெரும்பாலும் ஸ்பாட்டில்தான் கைக்கு வரும், வந்த பிறகும் மாறும். கொங்குத் தமிழ் உங்கள் சொத்து, ஆனால் அது ஒன்றே இருந்தால் கோவைக்காரர் வேடத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். மதுரைப் பேச்சையும் சென்னைப் பேச்சையும் காதால் பிடியுங்கள்.

ஆடிஷனுக்கு இன்று பெரும்பாலும் முதலில் வீடியோவாக அனுப்பச் சொல்கிறார்கள், திருப்பூரில் இருப்பது அதற்குத் தடையில்லை. வெறும் சுவர் பின்னணி. வெளிச்சம் முகத்துக்கு நேரே, ஜன்னல் பக்கம் பார்த்து உட்காருங்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் முகம் கறுத்துவிடும். போன் கிடைமட்டமாக, கண் மட்டத்தில், ஸ்டாண்டில். நெஞ்சு வரை ஃபிரேம். எதிர் வசனம் சொல்பவர் போனுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், குரலை அடக்கிச் சொல்லட்டும், அவர் குரல் உங்களை விழுங்கிவிடக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், பத்து விநாடிக்குள். ஒரே காட்சியை இரண்டு விதமாகச் செய்து இரண்டையும் அனுப்பலாம், ஐந்து வேண்டாம். வாட்ஸாப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும். டாக்குமென்டாக அல்லது டிரைவ் இணைப்பாக அனுப்பி, இணைப்பு திறக்கிறதா என்று வேறு போனில் பாருங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கட்டும். "வீடியோ 0047" என்று வந்ததை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

புகைப்படத்துக்குப் பல ஆயிரம் கொட்ட வேண்டாம். நேர் முகம், இரண்டு பக்கவாட்டு, முழு உருவம், தாடியோடும் தாடி இல்லாமலும். ஃபில்டர், வெளுப்பாக்கிய தோல், கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. நேரில் வந்தால் எப்படி இருப்பீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

குறும்படங்களை விடாதீர்கள். ஆனால் நடிகனைத் தேடும் நண்பனை விட, படம் எடுக்கவே பிறந்தவன் மாதிரி திரியும் நண்பனோடு சேருங்கள். 'நாளைய இயக்குநர்' என்ற தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியிலிருந்து இயக்குநர்கள் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் வந்தபோது, அவர்களின் குறும்படங்களில் நடித்த பாபி சிம்ஹா, கருணாகரன் போன்றவர்களும் கூடவே வந்தார்கள். கூட்டத்தில் நிற்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வேலையிலிருந்து படிப்படியாக ஏறலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம். அது கௌரவமான தினக்கூலி வேலை. அதற்குத் தனிச் சங்கமும் ஏஜென்ட்களும் உண்டு. அந்தப் பாதை வேடம் கிடைக்கும் இடத்துக்குப் போவது அபூர்வம்.

1,20,000 கேட்கும் பள்ளியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? விளம்பரத்தில் இருக்கும் பிரபலம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பெடுக்கிறார்? ஒவ்வொரு மாணவரும் கேமரா முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்? சென்ற பேட்ச் எடுத்த காட்சிகளைக் காட்டுவீர்களா? வாய்ப்பு வாங்கித் தருவோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முழுநேரமாகப் படிக்கத்தான் வேண்டுமென்றால் தேசிய நாடகப் பள்ளி டெல்லியில் மூன்றாண்டுப் படிப்பை உதவித்தொகையோடு தருகிறது. பட்டமும் நாடக அனுபவமும் கேட்பார்கள், வயது வரம்பு 30, இந்தி புரியாவிட்டால் திணறுவீர்கள். அதன் பெங்களூரு மையத்தில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. புனே திரைப்பட நிறுவனத்தில் இரண்டாண்டுத் திரை நடிப்புப் படிப்பு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை. சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, எடிட்டிங் உண்டு, நடிப்பு இல்லை.

சரி, வேலையை எப்போதுதான் விடுவது? ஒரு நோட்டுப் போடுங்கள். வேலை இருந்ததால் மறுக்க நேர்ந்த நடிப்பு நாட்களை மட்டும் அதில் எழுதுங்கள். சம்பளம் பேசிய நாட்கள் ஒரு பத்தியில், சும்மா வரச் சொன்ன நாட்கள் இன்னொன்றில். ஒரு வருடத்தில் முதல் பத்தி காலியாக இருந்தால் வேலை உங்களைத் தடுக்கவில்லை, விட்டாலும் எதுவும் மாறியிருக்காது. மாறாக, மூன்றே மாதத்தில் அந்தப் பத்தியில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் சேர்ந்தால், அப்போது நகரலாம். அப்போதும் சம்பாத்தியத்தை விட்டுவிட வேண்டாம், அதன் வடிவத்தை மாற்றுங்கள். ஷிப்மென்ட் தேதியும் பையர் மெயிலும் துரத்தும் மெர்ச்சண்டைசர் வேலையில் பகல் கிடைக்காது. ஆனால் உங்கள் துறையிலேயே மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்கள் சரக்குச் சோதனைக்கு மேன்-டே கணக்கில், அதாவது வேலை செய்த நாளுக்கு மட்டும் கூலி தந்து, ஆள் வைக்கின்றன. தேதி வேண்டாமென்று மறுக்கலாம். அம்பத்தூர், கிண்டி பக்கம் சென்னையிலும் ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள். சினிமாக்காரர் யாருக்கும் இல்லாத வசதி இது உங்களுக்கு. சென்னைக்கு வரும் நாளில் கையில் 12 மாதச் செலவு இருக்க வேண்டும், அதில் கல்விக் கடன் இருக்கக் கூடாது.

வேடம் கிடைத்தால் வெட்கப்படாமல் பேச வேண்டியவை: எத்தனை நாள், நாள் கணக்கா மொத்தத் தொகையா, வெளியூர் என்றால் பயணமும் தங்குமிடமும் யார் செலவு. ஒப்பந்தத் தாள் தராவிட்டால், பேசியதை நீங்களே புரொடக்ஷன் மேனேஜருக்கு வாட்ஸாப்பில் எழுதி, "சரிதானே சார்?" என்று கேட்டு ஒரு பதில் வாங்கிவிடுங்கள். சம்பளப் பாக்கி டப்பிங்குக்கு முன் கைக்கு வர வேண்டும். டப்பிங் முடிந்துவிட்டால் உங்களைத் தேட அவர்களுக்குக் காரணம் இல்லை. பேட்ச் ஒர்க் (விடுபட்ட ஷாட்களைப் பிறகு எடுப்பது) முடிந்தது என்று சொல்லும்வரை முடியையும் தாடியையும் தொடாதீர்கள். சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரி) பிடித்துத் தந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். புதியவர்கள் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. 2024 ஆகஸ்டில் வெளியான, மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றிய கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கை, பாலியல் தொல்லையோடு கழிப்பறை இல்லாததையும் எழுத்து ஒப்பந்தம் இல்லாததையும் சேர்த்தே பேசியது. ஆடிஷன் அலுவலகத்தில் பகலில் நடக்கட்டும், ஹோட்டல் அறையில் வேண்டாம். துணைக்கு ஆள் வரக்கூடாது என்றால் போக வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கான புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். படப்பிடிப்புத் தளமும் வேலை செய்யும் இடம்தான்.

அப்பாவிடம் கனவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தங்கையின் படிப்புச் செலவு எந்த மாதம் வரை, கடன் எப்போது தீரும், வேலை எப்போது வரை இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் சம்மதிக்காமல் போகலாம். ஆனால் பயம் குறையும்.

அந்த 75,000. நடிகர் சங்க உறுப்பினர் அட்டை சங்கமே தருவது, இடையில் ஒருவர் விற்கக்கூடியது அல்ல. வேடம் தருகிறவர்கள் நடிகனுக்குப் பணம் தருவார்கள், வாங்க மாட்டார்கள். படத்தின் பெயரையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் கேளுங்கள். பிறகு அவர் தரும் எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து, இந்தப் பெயரில் அங்கே ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். முன்பணமாக ஏதாவது அனுப்பிவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. ஜிபே, போன்பே எதில் அனுப்பியிருந்தாலும், பரிவர்த்தனை எண்ணையும் அவருடைய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு இன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். தாமதமானால் பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்குப் போய்விடும்.