அக்னி நட்சத்திரமும் அடுக்குத் தேனீயும்: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாகப் பெட்டிகளில் அடுக்குத் தேனீ, அதாவது நம் நாட்டு இந்தியத் தேனீ வளர்க்கிறேன். இன்று வெயில் பற்றி மட்டும் கேளுங்கள்.

மாலையானால் பெட்டி வாசலில் தேனீக்கள் தாடிபோலத் தொங்குகின்றன. கூட்டம் பிரியப் போகிறதா?

இல்லை. உள்ளே புழுக்கம், திண்ணைக்கு வந்து படுத்திருக்கின்றன. தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறையின் வெப்பம் 33 முதல் 36 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். பணித் தேனீக்களின் உடல் சூடே அதைக் கூட்டிவிடும் என்பதால், வேலையில்லாதவை வெளியேறி உள்ளே காற்றுக்கு வழி விடுகின்றன. பெட்டிக்கு நிழல் கொடுங்கள், போதும்.

என் தேனீக்கள் பூவை விட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் தண்ணீர் குடிக்கின்றன. ஏன்?

நல்ல கேள்வி. அவை தாகத்துக்கு மட்டும் குடிக்கவில்லை; வயிற்றில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகின்றன. உள்ளிருக்கும் தேனீக்கள் அதை வாய்வழி வாங்கி, அடையின் அறைகளில் மெல்லிய படலமாகப் பூசும். மற்றவை சிறகால் விசிற, நீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துப் போகும். மண்பானை குளிர்வதும் இப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெளியே அலையும் தேனீக்கு உள்ளே எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும்? கொண்டுவந்த நீரை வாங்க வீட்டுத் தேனீக்கள் முண்டியடித்தால் தேவை அதிகம் என்று பொருள். உடனே மறு நடை. வாங்க ஆளில்லாமல் காத்து நிற்க நேர்ந்தால் நீர் சுமப்பதை நிறுத்திவிடும். இதை ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் லிண்டாவர். இத்தாலியில் எரிமலைக் குழம்பு உறைந்த கொதிக்கும் நிலத்தில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார். தண்ணீர் கிடைத்தவரை உள்ளே 35 டிகிரியைத் தாண்டவில்லை.

சாக்கடை ஏன் என்றால், வாசனையுள்ள நீரைக் கண்டுபிடிப்பது அவற்றுக்கு எளிது. அகலச் சட்டியில் கூழாங்கல்லோ தேங்காய் மட்டையோ போட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒருநாள்கூடக் காயவிடாதீர்கள்.

பெட்டி மேல் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. மூடிமேல் ஈரச் சாக்கு போடலாம்.

வாசலில் நிற்கும் தேனீக்கள் தலையை வெளிப்பக்கம் நீட்டிச் சிறகடிக்கின்றன. நோயா?

விசிறுகின்றன. நம் அடுக்குத் தேனீ தலையை வெளியே நீட்டி நின்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளும்.

தவறு. என் பெட்டிகளில் தலை வாசலை நோக்கியிருக்கும். காற்று வெளியேதான் வரும்.

நீங்கள் வளர்ப்பது இத்தாலியத் தேனீயா?

ஆம். அதற்கென்ன?

அதற்குத்தான் எல்லாம். இத்தாலியத் தேனீ உள்ளே பார்த்து நின்று சூடான காற்றை இழுத்து வெளியேற்றும். நம்முடையது திரும்பி நின்று உள்ளே ஊதும். இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறோம்.

ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்யுமா? நம்ப முடியவில்லை.

ஒரு பஞ்சு இழையை இருவகைப் பெட்டி வாசலிலும் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் உள்ளே போகும், மற்றதில் வெளியே பறக்கும். பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், காத்திருக்கிறேன்.

வாசலில் கொத்தாகத் தொங்குகின்றன, பயமாக...

முதல் பதில்.

பகல் இரண்டு மணிக்குத்தான் எனக்கு நேரம். அப்போது திறந்து தேன் எடுக்கலாமா?

திறக்காதீர்கள். மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். தேன் கனத்த புது அடையைச் சாய்த்துத் தூக்கினால் சட்டத்திலிருந்து கழன்று விழும். எனக்கு ஒருமுறை விழுந்தது. ராணியும் அதன் அடியில் போயிற்று. காலையில் திறவுங்கள்.

நேற்று வரை இருந்த கூட்டம் இன்று இல்லை. அடையில் ஒரு சொட்டுத் தேனும் இல்லை.

பசித்து ஓடிவிட்டன. அடுக்குத் தேனீ பட்டினி கிடந்து காத்திருக்காது. ரப்பர் தோட்டத்துத் தேன்வரத்து நின்ற பிறகு பெட்டியைச் சும்மா விட்டீர்களா? அப்போதே சர்க்கரைப் பாகு வைத்திருக்க வேண்டும். காலி அடைகளை இன்றே எடுத்துவிடுங்கள்; மெழுகுப் புழு வந்துவிடும்.

மதியம் மட்டும் திறந்து பார்க்கலாமா, தேன் எடுக்காமல்?

திறக்காதீர்கள்.

வாசலில் தாடிபோல...

மேலே படியுங்கள் ஐயா. இருட்டுகிறது, என் பெட்டிக் கால்களின் எறும்புக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றியிருக்கும், ஊற்றப் போகிறேன்.