அணுவை வரையச் சொன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.எட். மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். அணுவை வரையச் சொன்னால் எல்லோரும் நடுவில் ஒரு பந்து, சுற்றி வட்டங்கள், வட்டங்களின் மேல் புள்ளிகள் என்றே வரைகிறார்கள். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களும் அப்படித்தான். எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படத்தை அழிக்கச் சொல்லாதீர்கள். 1913-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Bohr) முன்வைத்த இந்த அணு மாதிரி, ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளைச் சரியாகவே கணித்தது. அதே தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் அணுக்கருவை 1 மி.மீ. கடுகாக வைத்தால் எலக்ட்ரான் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? சுமார் 30 மீட்டர். தாள் போதாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வட்டங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது? ‘காற்று’ என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். திருத்தாமல், காற்று எதனால் ஆனது என்று மட்டும் கேளுங்கள்.

ஒரே ஒரு தாமிர அணுவின் நிறம் என்ன, சூடாக்கினால் அது விரியுமா? இதில்தான் பட்டதாரிகளும் சறுக்குகிறார்கள். சிவப்பு, விரியும் என்று பதில் வரும். கம்பியின் குணங்களை அப்படியே அணுவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். கம்பி நீள்வது அணுக்களுக்கிடையே சராசரி இடைவெளி கூடுவதால். உலோக நிறமோ எண்ணற்ற அணுக்கள் சேர்ந்திருக்கும்போது எலக்ட்ரான்களுக்கு அமையும் ஆற்றல் மட்டங்களால் வருவது. இந்த ஒரு கேள்விக்கே ஒரு முழு வகுப்பைக் கொடுக்கலாம்.

மெல்லிய தங்கத்தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை (நேர்மின்னூட்டமுள்ள ஹீலியம் அணுக்கருக்களை) ஏவி, சில திரும்பிவருவதைக் கண்ட ரூதர்ஃபோர்டின் சோதனைக்கு, அட்டைக்கு அடியில் ஒரு பொருளை ஒளித்துவைத்துக் கோலிக்குண்டு உருட்டிக் காட்டுவது வழக்கம். நல்ல பயிற்சிதான், ஆனால் ஆல்ஃபா துகள் அணுக்கருவில் போய் ‘மோதித்’ திரும்பியது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடும். 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆல்ஃபா துகள், தங்க அணுக்கருவை நோக்கி நேராகப் போனாலும் மையத்திலிருந்து சுமார் 30 ஃபெம்டோமீட்டரிலேயே (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இரண்டின் நேர்மின்னூட்டங்களுக்கிடையிலான விலக்குவிசையால் திரும்பிவிடும். அந்த அணுக்கருவின் ஆரமோ 7 ஃபெம்டோமீட்டர்தான். எனவே அடுத்து காந்தத்தால் காட்டுங்கள். மேசையில் ஒரு வட்டுக் காந்தத்தை ஒட்டி, ஒத்த முனை எதிரெதிராக வரும்படி இன்னொன்றை மேலே ஊசலாட விடுங்கள். நூலில் கட்டினால் காந்தம் புரண்டு ஒட்டிக்கொள்ளும். குச்சியின் நுனியில் ஒட்டித் தொங்கவிட வேண்டும்.

பொட்டாசியத்தையும் விடாதீர்கள். அணுவின் மூன்றாம் எலக்ட்ரான் கூட்டில் 18 எலக்ட்ரான் வரை கொள்ளும் என்று கரும்பலகையில் எழுதிய கையோடு, பொட்டாசியத்தின் எலக்ட்ரான்கள் கூடுவாரியாக 2, 8, 8, 1 என்றும் மாணவர்கள் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால் ‘எட்டுதான் நிலையானது’ என்பார்கள். பொட்டாசியத்தில் 4எஸ் (நான்காம் கூட்டின் ஓர் உள்மட்டம்) 3டி-யைவிட (மூன்றாம் கூட்டின் ஓர் உள்மட்டம்) ஆற்றலில் தாழ்ந்தது. 3டி நிரம்பத் தொடங்குவது ஸ்காண்டியம் என்ற தனிமத்தில்தான். இதை வட்டங்களை வைத்து விளக்க முடியாது. மாணவர்களையே முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.